சாதாவா? 95-ஆ? 100-ஆ? பங்க்கில் பர்சைக் கடிக்கும் ‘ஆக்டேன்’ நம்பர்!

சென்னை,

காலை 9 மணி. கிண்டி பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் ஒரு சின்ன கார் உள்ளே நுழைகிறது.

“எவ்ளோ சார்?”

“ஆயிரத்துக்குப் போடுப்பா.”

“ஜீரோ பாத்துக்குங்க சார்.”

கார்க்காரர் கழுத்தை நீட்டி ஜீரோவைப் பார்க்கிறார். ஜீரோ சரியாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே லிட்டர் விலை என்று இன்னொரு நம்பர் இருக்கிறது. அதை அவர் பார்க்கவில்லை. பில் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. போட்டது சாதா பெட்ரோல் அல்ல. விலை கூடின 95!

“யாருப்பா இதைப் போடச் சொன்னது?”

“வண்டிக்கு நல்லது சார். மைலேஜ் குடுக்கும். பிக்கப் நல்லா இருக்கும்.”

பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. போட்டதை உறிஞ்சி எடுக்கவா முடியும்? கார்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பி விடுகிறார்.

இது போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகிற விவகாரம் இல்லை. நூறு ரூபாய்கூட வித்தியாசம் வராது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் இது தினம் தினம் நடக்கிறது.

எவ்வளவு கரைகிறது?

2025-ஆம் ஆண்டில் சென்னையில் சாதா பெட்ரோல் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி விற்றது. 95 ஆக்டேன் என்று பெயர் போட்ட பெட்ரோல் அதைவிட 7 ரூபாயிலிருந்து 10 ரூபாய் வரை கூடுதல். 100 ஆக்டேன் என்றால் லிட்டர் 150 ரூபாயைத் தாண்டிய சமாசாரம்.

வித்தியாசம் 8 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து தினம் ஆபீசுக்கு கார் ஓட்டுகிற ஒரு குமாஸ்தா மாதம் 40 லிட்டர் போடுகிறார். மாதம் 320 ரூபாய் கூடுதல். வருஷத்துக்கு 3 ஆயிரத்து 840 ரூபாய். ஒரு டயர் வாங்குகிற காசு!

அந்தக் காசுக்கு அவருக்கு என்ன கிடைத்தது? பெரும்பாலான கார்களைப் பொறுத்தவரை பதில் ஒன்றே ஒன்றுதான். ஒன்றும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஏஏஏ என்று ஒரு பெரிய மோட்டார் வாகன ஓட்டிகள் சங்கம் இருக்கிறது. 2016-ல் அது ஒரு கணக்கு சொன்னது. காருக்குத் தேவையே இல்லாமல் விலை கூடின பெட்ரோலைப் போட்டு அமெரிக்கர்கள் ஒரு வருஷத்தில் 210 கோடி டாலரை வீணடித்து விட்டார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. சாதா பெட்ரோலே போதும் என்று கம்பெனி சொன்ன கார்களில் உயர்ந்த பெட்ரோலைப் போட்டுச் சோதித்தார்கள். வேகமும் கூடவில்லை, மைலேஜும் கூடவில்லை, புகையும் குறையவில்லை. ஏமாறுவதில் நாம் மட்டும் தனி இல்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

நம்பர் என்ன சொல்கிறது?

91, 95, 100 என்று போட்டிருக்கிறார்களே, அது சக்தியின் அளவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 91-ஐவிட 95-ல் ‘தம்’ கூடுதல், 100-ல் இன்னும் கூடுதல் என்று எண்ணம். அது தப்பு.

அந்த நம்பர் பெட்ரோலின் பொறுமையைச் சொல்கிறது.

என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து போகிறது. பிஸ்டன் மேலே வந்து அதை அமுக்குகிறது. நன்றாக அமுங்கிய நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டும். அப்போது தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். அதுதான் ஒழுங்கு.

ஆனால் அமுக்கம் கூடினால் சூடு கூடும். தீ வந்து சேருவதற்குள் ஒரு மூலையில் மிச்சம் இருக்கிற பெட்ரோல் பொறுமை இழந்து தானாகவே வெடித்து விட்டால் வந்தது வினை. சரத்தில் வரிசைப்படி வெடிக்க வேண்டிய பட்டாசு நடுவில் மொத்தமாக வெடித்த மாதிரி. ‘கிணு கிணு’ என்று தகரத்தில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறார்கள். அது நீடித்தால் பிஸ்டனே ஓட்டை விழுந்து போன கதைகள் உண்டு.

எவ்வளவு அமுக்கினாலும், பிளக் தட்டுகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற குணம்தான் ஆக்டேன். அவ்வளவுதான்.

1920-களில் இதற்கு ஒரு அளவுகோல் கண்டுபிடித்தார்கள். ஐசோ-ஆக்டேன் என்ற திரவம் ரொம்பப் பொறுமைசாலி. அதற்கு 100 மார்க். ஹெப்டேன் என்ற திரவம் தொட்டால் சுருங்கி. அதற்கு 0. இரண்டையும் 91-க்கு 9 என்று கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்குகிற பெட்ரோலுக்கு 91 என்று பெயர். இதற்கென்றே ஒற்றை சிலிண்டர் என்ஜின் இருக்கிறது. ஓடும்போதே அமுக்கத்தைக் கூட்டிக் குறைத்து, எங்கே சத்தம் வருகிறது என்று பார்த்து மார்க் போடுவார்கள்.

ஆகவே, 91 போதும் என்கிற என்ஜினில் 95-ஐ ஊற்றுவது, இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கத் தெரிந்தவனை அஞ்சு நிமிஷ வரிசையில் நிறுத்துகிற மாதிரி. அவன் பொறுமைக்கு அங்கே வேலையே இல்லை.

அமெரிக்க மாப்பிள்ளையின் 87

இதில் இன்னொரு குழப்பம். அமெரிக்காவிலிருந்து லீவில் வருகிற மாப்பிள்ளை, “எங்க ஊர்ல எல்லாம் 87-தான் மாமா. உங்க ஊர் 91 ரொம்ப ஒசத்தி” என்பார். மாமாவுக்கும் பெருமையாக இருக்கும்.

உண்மையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. பெட்ரோலைச் சோதிக்க இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று கொஞ்சம் சுலபமான பரீட்சை. இன்னொன்று கடினமான பரீட்சை. இந்தியாவில் சுலப பரீட்சையின் மார்க்கை பங்க்கில் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி சராசரி போடுகிறார்கள். அதனால் அங்கே 87 என்பது இங்கே ஏறக்குறைய 91. துபாயிலிருந்து வருகிறவர்கள் சொல்கிற 95, 98 எல்லாம் நம்ம ஊர் கணக்குத்தான். இலங்கையில் விற்கிற 92-ம் 95-ம் அப்படித்தான்.

அம்பாசடர் காலம்

அந்தக் காலத்து அம்பாசடர் கார் என்ஜின் பெட்ரோலை ஏழில் ஒரு பங்காக, அதை ஒட்டித்தான் அமுக்கும். அதற்கு மட்டமான பெட்ரோலே தாராளம். இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற மாருதியின் 1.2 லிட்டர் டூயல்ஜெட் என்ஜின் பன்னிரண்டில் ஒரு பங்காக அமுக்குகிறது. பழைய கணக்குப்படி பார்த்தால் இதற்கு ரேஸ் கார் பெட்ரோல் போட வேண்டும். ஆனால் 91 போட்டாலே ஓடுகிறது.

எப்படி? என்ஜின் மேல் காது மாதிரி ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். நாக்கிங் லேசாக ஆரம்பித்த உடனேயே அது கேட்டு விடும். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பொறி தட்டுகிற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடும். டிரைவருக்கு எதுவுமே தெரியாது. இழுவை கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.

இங்கேதான் உண்மையிலேயே உயர்ந்த பெட்ரோல் தேவைப்படுகிற வண்டிகளும் வருகின்றன. டர்போ வைத்த என்ஜின்கள் காற்றை முன்கூட்டியே அமுக்கி உள்ளே தள்ளுகின்றன. வெளிநாட்டு சொகுசு கார்கள் சிலவற்றில் 95-க்குக் கீழே போடாதே என்றே எழுதியிருக்கிறது. அந்த வண்டிக்காரர் மிச்சம் பிடிக்கிறேன் என்று மட்ட பெட்ரோலைப் போட்டு, மே மாத வெயிலில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யும் போட்டு, ஏற்காடு மலை ஏறினால் அந்த சென்சாரும் எவ்வளவுதான் சமாளிக்கும்? அங்கே எட்டு ரூபாய் மிச்சம் பிடிப்பது எட்டாயிரம் ரூபாய் செலவுக்கு அச்சாரம்.

ஆக, யாருக்கு எது என்று பங்க் பையன் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல முடியாது. காரே சொல்கிறது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தால் உள் பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லாவிட்டால் கார் வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் இருக்கும். (அந்தப் புத்தகம் டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும்.) ‘குறைந்தபட்சம் 91’ என்று இருந்தால் 91 போதும். ‘குறைந்தபட்சம் 95’ என்றால் 95 போட்டே தீர வேண்டும். ‘91 போதும், 95 சிபாரிசு’ என்று இருந்தால் அது வேகப் பிரியர்களுக்குச் சொன்னது. அண்ணா சாலை சிக்னலில் நின்று நின்று போகிறவர்களுக்கு அதில் லாபம் பார்ப்பது கஷ்டம்.

இரண்டையும் கலந்து போட்டால் என்ஜின் கெட்டுவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. கெடாது. 91-ம் 95-ம் பாதிப் பாதி கலந்தால் ஏறக்குறைய 93 ஆகும். வேறு ஒன்றும் ஆகாது.

சாதாவே 95!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எடுக்கிற சாராய ரகம்தான் அது. 2022 ஜூனில் நாடு முழுக்க 10 சதவீதக் கலப்பு வந்தது. 2030-க்குள் 20 சதவீதம் என்று இருந்த இலக்கை 2025-26-க்கு முன்னால் இழுத்தார்கள். 2025-ல் அந்த 20 சதவீதத்தையும் எட்டி விட்டார்கள். இதற்குப் பெயர் ‘இ-20’.

எத்தனாலுக்குப் பொறுமை ரொம்ப ஜாஸ்தி. அதன் ஆக்டேன் ஏறக்குறைய 108.5 என்றும், அது கலப்பதற்கு முந்தைய பெட்ரோலுக்கு 84.4 என்றும் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. இரண்டையும் கலந்து இ-20 ஆன பிறகு சாதா பெட்ரோலின் ஆக்டேனே 95 ஆகி விட்டது என்றும் அதே அறிக்கையில் சொன்னார்கள்.

படித்தவர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டிய இடம் இது.

சாதாவே 95 என்றால், 8 ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிற ‘95’ எதற்கு?

விலை கூடின பெட்ரோலில் என்ஜினைச் சுத்தம் செய்கிற மருந்து கலந்திருக்கிறது என்பது கம்பெனிகள் சொல்கிற பதில். மருந்து இருப்பது உண்மைதான். வால்வு, இன்ஜெக்டரில் படிகிற கரியைக் குறைக்க அது உதவும். ஆனால் அந்த மருந்துக்காகத்தான் கூடுதல் காசு என்று பங்க்கில் யாரும் சொல்வதில்லை. “பவர் சார், 95 சார்” என்றுதான் விற்கிறார்கள். நம்பரைக் காட்டி விற்பது, ஆனால் நம்பரில் வித்தியாசம் இல்லை!

95 வாங்கினால் எத்தனால் இல்லாத சுத்த பெட்ரோல் கிடைக்கும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இல்லை. அதிலும் எத்தனால் கலப்பு உண்டு.

நம்பர் ஏறிச்சு, மைலேஜ் இறங்கிச்சு

“நம்பர் ஏறியிருக்குன்னு சொல்றாங்க. ஆனா வண்டி மைலேஜ் குறைஞ்சிருக்கே, எப்படி?” — இந்தக் கேள்வியை புதுப்பேட்டை மெக்கானிக் ஷெட்டுகளில் அடிக்கடி கேட்கலாம்.

மேலே சொன்ன விஷயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பொறுமை வேறு, சக்தி வேறு. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. லிட்டருக்கு 200 மில்லி அதைக் கலந்தால் மொத்த சக்தியில் ஆறேழு சதவீதம் போய் விடும். பத்தாம் வகுப்பு கணக்கு.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையிலும் இதுதான் இருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்காகச் செய்து, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ப ட்யூன் செய்த கார்களில், 20 சதவீதக் கலப்பு போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும். டூ வீலரில் 3 முதல் 4 சதவீதம். 10 சதவீதத்துக்கென்றே செய்து 20-க்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான்.

அதாவது, பழைய கார்க்காரர் 40 லிட்டர் போட்டால், அதில் இரண்டரை லிட்டர் பக்கம் காணாமல் போகிறது. 240 ரூபாய்க்கு மேல்! எட்டு ரூபாய் கூடின பெட்ரோலையும் இவர் போட்டால் அது தனிச் செலவு.

“கலப்பு போட்டா வெலைய குறைக்கணும்ல?” என்பது நியாயமான கேள்வி. நிதி ஆயோக் அறிக்கைகூட விலையில் சலுகை வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஆனால் அரசு 2025-ல் சொன்ன பதில் வேறு. எத்தனால் இப்போது மலிவு இல்லை, 2025 ஜூலை கடைசியில் சராசரியாக லிட்டர் 71 ரூபாய் 32 காசுக்கு வாங்கினோம், அது சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்றார்கள். அன்னியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்குப் பணம், புகை குறைவு என்று மற்ற லாபங்களைப் பட்டியல் போட்டார்கள். அவை பொய் இல்லை. ஆனால் அந்த லாபத்துக்கான பில்லில் ஒரு பங்கு பழைய மாருதிக்காரரின் பாக்கெட்டில் இருந்து போகிறது என்பதும் பொய் இல்லை.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்கில் கிடைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்கு போட்டார்கள். 2025 செப்டம்பர் 1-ந் தேதி அது தள்ளுபடி ஆனது.

பழைய வண்டி வைத்திருப்பவர் என்ன செய்வது?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ-20-ஐத் தாங்குகிற மாதிரி செய்யப்பட்டவை. 2025 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் என்ஜினையே அதற்கென்று ட்யூன் செய்கிறார்கள். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு? சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடின பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம், அது சர்வீசில் செய்கிற சின்ன வேலைதான் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது.

வண்டியை வீட்டில் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுக்கும். மழை வெள்ளத்தில் டேங்க்குக்குள் தண்ணீர் புகுந்து விட்டால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு கூட்டு சேர்ந்து டேங்க்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே நிற்கிற பெட்ரோலுக்கு எத்தனால் கொடுத்த ஆக்டேனும் போய் விடும். 95 என்று வாங்கியது 80 சொச்சத்தில் வந்து நிற்கும். என்ஜினோ அடியிலிருக்கிற தண்ணீரைத்தான் முதலில் உறிஞ்சும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எத்தனை வண்டிகள் முங்கிக் கிடந்தன என்பது ஊருக்கே தெரியும். அப்படி முங்கின வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காமல், டேங்க்கைக் காலி செய்வதுதான் முதல் வேலை.

100 போட்டால் தப்பிக்கலாமா?

இ-20 பயத்தில் சிலர் 100 ஆக்டேன் பங்க்கைத் தேடி ஓடுகிறார்கள். அதில் எத்தனால் கிடையாது என்பதுதான் காரணம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் ‘எக்ஸ்பி 100’ என்று கொண்டு வந்தது. விலை உயர்ந்த கார், பைக்குகளுக்கு என்று சொல்லி வந்த சரக்கு இது.

கணக்கைப் பார்ப்போம். மைலேஜ் 6 சதவீதம் போனால் லிட்டருக்கு 6 ரூபாய் நஷ்டம். அந்த 6 ரூபாயைக் காப்பாற்ற லிட்டருக்கு 50 ரூபாய் கூடக் கொடுக்கலாமா? கொசுவுக்கு பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. எப்போதாவது வெளியே எடுக்கிற பழங்காலக் கார், மாதம் அஞ்சு லிட்டர் குடிக்கிற பழைய புல்லட் — இதற்குப் போட்டால் அர்த்தம் உண்டு. தினம் ஆபீஸ் போகிற வண்டிக்கு இல்லை.

ராத்திரியில் கிழக்கு கடற்கரைச் சாலையில் பைக்கில் பறக்கிற பையன்கள் சிலர் 100 போட்டால் வண்டி ‘பிச்சிக்கும்’ என்று நம்புகிறார்கள். 100 சிசி வண்டிக்கு 100 ஆக்டேன் போட்டாலும் அது 100 சிசி வண்டிதான்.

ஈயம் குடித்த ஊர்

ஆக்டேனை ஏற்றுவதற்கு மனிதன் செய்த வேலைகளில் எத்தனால் சாது. முன்னால் கலந்தது விஷம்!

1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு திரவத்தைக் கொஞ்சம் விட்டால் பெட்ரோலின் நாக்கிங் நின்று விடுவதைக் கண்டுபிடித்தார். 1924-ல் நியூ ஜெர்சியில் அந்தத் திரவத்தைச் செய்த ஆலையில் தொழிலாளிகள் சித்தப்பிரமை பிடித்து, கத்திக் கதறிச் செத்தார்கள். அப்படியும் விற்பனை நிற்கவில்லை. உலகம் முழுக்கப் போனது.

சென்னையிலும் தலைமுறை தலைமுறையாக பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் அந்த ஈயப் புகையைத்தான் குடித்தார்கள். ரோட்டோரம் கடை போட்டவர்கள், டிராபிக் போலீஸ்காரர்கள், ஸ்கூல் பிள்ளைகள் யாரும் தப்பவில்லை. குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும் என்று ஆராய்ச்சிகள் சொன்ன பிறகும் ரொம்ப வருஷம் ஓடின. 1995 ஏப்ரலில்தான் சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. ‘அன்லெடட்’ என்று பங்க்கில் தனி போர்டு தொங்கியது அப்போதுதான். 2000-ஆம் ஆண்டில் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

மண்ணெண்ணெய் கலந்தால்?

ஆக்டேனைக் குறைக்கிற வேலையும் உண்டு. அதைச் செய்பவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல, கலப்படக்காரர்கள்.

மண்ணெண்ணெயின் ஆக்டேன் ரொம்ப மட்டம். பெட்ரோலில் கொஞ்சம் கலந்தாலே நம்பர் சரிந்து விடும். 95 கேட்டுப் போட்டவரின் டேங்க்கில் 85 கூட இருக்காது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே இந்தத் திருட்டைப் பிடிக்கத்தான். சாயத்தை எடுக்கவும் வழி கண்டுபிடித்தார்கள் பாவிகள்.

இது வெறும் அளவுக் குறைச்சல் குற்றம் இல்லை. இதில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 2005 நவம்பர் 19-ந் தேதி உத்தரபிரதேச மாநிலம் லக்கிம்பூர் கேரியில் இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். வயசு 27. லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர். கலப்படம் செய்த பங்க்குக்கு சீல் வைத்ததுதான் அவர் செய்த தப்பு. 2011 ஜனவரி 25-ந் தேதி மராட்டிய மாநிலம் மன்மாட் பக்கத்தில், எண்ணெய் திருட்டைப் பிடிக்கப் போன கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவானேயை பட்டப்பகலில் உயிரோடு கொளுத்தினார்கள்.

திடீரென்று ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்ட பிறகு வண்டி கிணுகிணு என்று சத்தம் போட ஆரம்பித்தால், உடனே 95-க்கு மாறாதீர்கள். முதலில் பங்க்கை மாற்றுங்கள். அதற்கும் சத்தம் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள். ரொம்ப வருஷம் ஓடின என்ஜினுக்குள் கரி படிந்தாலும் இதே சத்தம் வரும். என்ஜின் சூடேறினாலும் வரும். கத்திப்பாரா பாலத்தில் டாப் கியரிலேயே முக்கி முக்கி ஏறினாலும் வரும். கியரைக் குறைத்தால் போகிற சத்தத்துக்கு மாதம் 320 ரூபாய் அழுவானேன்?

கேட்டால் தர வேண்டும்

பெட்ரோலில் சந்தேகம் என்றால் பில்டர் பேப்பர் கேட்கலாம். பங்க்கில் வைத்திருக்க வேண்டும், காசு வாங்காமல் தர வேண்டும். குழாய் முனையைத் துடைத்துவிட்டு அந்தப் பேப்பரில் ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் கறை இல்லாமல் காய்ந்து விடும். எண்ணெய்க் கறை நின்றால் சந்தேகம்தான். அளவில் சந்தேகம் என்றால் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அன்றைய பெட்ரோலின் அடர்த்தியையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆக்டேனை மட்டும் இப்படிப் பங்க்கில் வைத்துச் சோதிக்க முடியாது. அதற்கு லேப் வேண்டும். எனவே அந்த நம்பர் விஷயத்தில் வாடிக்கையாளர் கையில் இருப்பது இரண்டே வார்த்தை. குழாயைச் சொருகுவதற்கு முன்னால் “சாதா போடு” என்று சொல்வதுதான் அது. ஜீரோவைப் பார்க்கிற அதே கண்ணை ஒரு அங்குலம் கீழே இறக்கினால் லிட்டர் விலையும் தெரியும்.

சொல்லாமல் உயர்ந்த பெட்ரோலைப் போட்டுவிட்டால், பில்லை வாங்கிக்கொண்டு, பங்க் போர்டில் இருக்கிற எண்ணெய் கம்பெனி போன் நம்பரில் புகார் செய்யலாம். புகார் புத்தகமும் பங்க்கில் இருக்க வேண்டும்.

குழாய் பிடிக்கிற பையனை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. வெயிலில் நின்று மணிக்கணக்கில் பெட்ரோல் வாடையைக் குடிப்பவன் அவன். விலை கூடினதைத் தள்ளச் சொல்லி மேலே இருந்து சொன்னால் அவன் என்ன செய்வான்?

கிண்டியில் முணுமுணுத்துக்கொண்டு போன அந்தக் கார்க்காரர் சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். வாங்கி ஆறு வருஷத்தில் முதல் தடவை. தூசியைத் துடைத்ததும் ஸ்டிக்கர் தெரிந்தது: குறைந்தபட்சம் 91.